இணைப்பைக் காணவில்லை: விண்ணப்ப மடற்பிழைகள் குறித்து ஓர் ஆய்வு

தமிழில் பிழைகளுக்கும் பஞ்சமில்லை, பிழை பற்றிய நூல்களுக்கும் பஞ்சமில்லை. சந்திப்பிழைக்குக் கையேடு உண்டு. ஏட்டுச்சுவடியைப் பெயர்த்தெழுதியவர் எந்த வரியில் கண்ணயர்ந்தார் என்று பாடபேதம் காட்டும் பதிப்புகள் உண்டு. வேலைக்கு விண்ணப்பிக்கும் மின்னஞ்சலில் “ரெஸ்யூம் இணைத்துள்ளேன்” என்று எழுதிவிட்டு, எதையுமே இணைக்காமல் அனுப்பிவிடும் பிழைக்கு மட்டும் உரையாசிரியர் எவரும் வாய்க்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை.

வரலாற்றிலிருந்து தொடங்குவதுதான் முறை. வேலை கேட்டு எழுதப்பட்ட மடல்களில் பெரும்புகழ் பெற்றது, 1480களில் லியோனார்டோ டாவின்சி மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்போர்சாவுக்கு எழுதியது. தூக்கிச் செல்லத் தோதான பாலம் கட்டுவேன், அகழி நீரை வடிப்பேன், பீரங்கி செய்வேன் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டே போய், ஓவியமும் வரைவேன் என்பதைக் கடைசியில் சேர்த்திருக்கிறார். இன்று எஞ்சியிருக்கும் படி அவருடைய கையெழுத்தில் இல்லை, வேறு யாரோ எழுதிக்கொடுத்தது என்பது அறிஞர்கள் கருத்து. பிரௌசிங் சென்டர் அண்ணனிடம் சொல்லி ரெஸ்யூம் அடித்து வாங்கும் மரபுக்கு இதைவிடப் பழைய சான்று இக்கட்டுரையாளருக்குக் கிடைக்கவில்லை.

லியோனார்டோ எதையும் இணைக்க மறக்கவில்லை. மறப்பதற்கு அப்போது இணைப்பு என்று ஒன்று இல்லை. வலையமைப்பு வழியாக மின்னஞ்சல் அனுப்பும் வித்தையை ரே டாம்லின்சன் 1971இல் செய்து காட்டிய பிறகும், இன்றைய வடிவில் இணைப்பு வர இருபது ஆண்டுகள் பிடித்தன. 1992 மார்ச் 11 அன்று நதானியல் போரன்ஸ்டைன் அனுப்பிய மடலே அதற்குப் பிள்ளையார் சுழி. அதில் அவர் இணைத்தது என்ன? தம்முடைய நால்வர் பாட்டுக்குழுவின் படமும், அவர்கள் பாடிய பாட்டும். பல ஆண்டுகளுக்குப் பின் கனடாவில் வேலை தேடிய ஓர் இளம்பெண், ரெஸ்யூமுக்குப் பதிலாக நடிகர் நிக்கோலஸ் கேஜின் படத்தை வருங்கால மேலாளருக்கு அனுப்பி உலகச் செய்தியானார். பலரும் சிரித்தார்கள். ஆய்வு நோக்கில் பார்த்தால் அந்தப் பெண் தவறிழைக்கவில்லை. இணைப்பின் மூல மரபுக்குத் திரும்பியிருக்கிறார், அவ்வளவுதான்.

இனி இலக்கணம். இப்பிழைக்கு முதற்பொருளாகிய நிலம், விடுதி அறை அல்லது பேருந்தின் ஜன்னலோர இருக்கை. பொழுது, யாமம், கடைசித் தேதி முடியப் பத்து நிமிடம் இருக்கும் யாமம். கருப்பொருள்: ஆறிப்போன டீ, நான்கு சதவீத பேட்டரி, “ரெஸ்யூம் ஃபைனல்”, “ரெஸ்யூம் ஃபைனல் புதுசு”, “ரெஸ்யூம் ஃபைனல் இதுதான்” என்னும் மூன்று கோப்புகள். உரிப்பொருள் இரங்கல். யாமம் குறிஞ்சிக்கும் இரங்கல் நெய்தலுக்கும் உரியவை அல்லவா என்று புலவர்கள் கேட்கலாம். திணைமயக்கத்துக்கு இலக்கணத்தில் இடமுண்டு. எச்.ஆர். துறையில் உண்டா என்பது வேறு கேள்வி.

வகைகள் பல. இணைப்பு இல்லா மடல் எளியது. அடுத்த நிமிடமே சரிசெய்துவிடலாம். ஒரு நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தை இன்னொன்றுக்குத் திருப்பும்போது பழைய பெயர் ஒரே ஓர் இடத்தில், அதுவும் “தங்கள் நிறுவனத்தில் பணிபுரிவது என் சிறுவயதுக் கனவு” என்ற வரியில் ஒட்டிக்கொண்டிருப்பது நடுத்தரமானது. இருபது நிறுவனங்களின் முகவரிகளையும் ஒரே ‘டு’ கட்டத்தில் வரிசையாக நிறுத்தி வைப்பது, இருபது பேருக்கும் பரஸ்பர அறிமுகம் செய்துவைக்கும் சமூக சேவை.

ஆனால் ஆய்வாளர் நின்று பார்க்க வேண்டிய இடம், நம் ஊர் ரெஸ்யூமின் அடிப்பகுதி. அங்கே ‘டிக்ளரேஷன்’ என்று ஒன்று இருக்கும். மேற்கண்ட விவரங்கள் யாவும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்ற உறுதிமொழி. அதன்கீழ் இடம், தேதி, பெயர். சீனியரின் கோப்பை வாங்கி மதிப்பெண், முகவரி, அப்பா பெயர் எல்லாவற்றையும் பொறுப்பாக மாற்றிய மாணவர், பக்கத்தின் அடிவரை இறங்கிப் பார்ப்பதில்லை. விளைவு: மேலே திருநெல்வேலி முகவரி, கீழே இடம் கோயம்புத்தூர், தேதி போன வருஷத்தது, உறுதிகூறுபவர் சீனியர். பொய்யே சொல்லாத ஒருவருடைய நேர்மைக்கு, நேர்காணலுக்கே வராத இன்னொருவர் ஜாமீன் நிற்கிறார். சட்ட நோக்கில் இது தனி நூலுக்குரிய பொருள்.

பிழையைத் திரும்பப் பெற முடியுமா? ஜிமெயிலில் ‘அன்டூ’ வசதி 2009இல் சோதனை அளவில் வந்து, 2015இல் எல்லாருக்கும் ஆனது. அது போன மடலைப் பிடித்து இழுத்துவருவதில்லை. போகாமல் சற்று நிறுத்தி வைத்திருக்கிறது. முதலில் இருப்பது ஐந்து விநாடி. அமைப்புகளுக்குள் போய் முப்பது வரை நீட்டலாம். ஐந்து விநாடியில் மனிதனுக்குப் பெருமூச்சு விட மட்டுமே நேரம் இருக்கும் என்பதால், முப்பதாக மாற்றிவைப்பது நல்லது. அவுட்லுக்கின் ‘ரீகால்’ ஒரே நிறுவனத்தின் கட்டமைப்புக்குள் மட்டுமே பலிக்கும். வெளியாருக்கு அனுப்பியதை ரீகால் செய்தால், “இவர் அந்த மடலைத் திரும்பப் பெற விரும்புகிறார்” என்று இன்னொரு மடல் போகலாம். அதுவரை திறக்காதவரும் அதைப் பார்த்ததும் முதல் மடலைத் தேடித் திறப்பார். ஊருக்குத் தண்டோரா போட்டுவிட்டு ரகசியம் காப்பதற்குச் சமம் இது.

மேனாட்டு உளவியலாளர்களும் இந்தத் துறைக்கு, தமக்கே தெரியாமல், பங்களித்திருக்கிறார்கள். தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், பாடகர் பேரி மேனிலோவின் படம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் பாதிப்பேராவது கவனித்திருப்பார்கள் என்று நினைத்துக் கூசினார் போட்டவர். கவனித்தவர்கள் கால்வாசி அளவுதான். எலியட் ஆரன்சன் 1966இல் நடத்திய சோதனை வேறு மாதிரி. வினாடிவினாவில் ஏறக்குறைய எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னவர் மேலே காபியைக் கொட்டிக்கொண்டபோது, கேட்டவர்களுக்கு அவரை முன்பைவிடப் பிடித்துப்போனது. சுமாராகப் பதில் சொன்னவர் கொட்டிக்கொண்டபோது இருந்த மதிப்பும் போனது. ஆக, பிழை நாம் பயப்படும் அளவுக்குத் தெரிவதில்லை. ஆனால் தெரிந்துவிட்டால், காப்பாற்றுவது மிச்சமுள்ள ரெஸ்யூம்தான்.

எதிர்த்தரப்பாகிய நிறுவனங்களின் பிழைகளையும் சொல்லாவிட்டால் ஆய்வு ஒருதலைப்பட்சமாகிவிடும். 2009இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம், இடம் மறுக்கப்பட்ட ஏறத்தாழ 28,000 பேருக்கும் சேர்த்து “வருக” மடல் அனுப்பியது. 2012இல் அவிவா இன்வெஸ்டர்ஸ் நிறுவனத்தில் வேலையை விட்டுப் போகும் ஒரே ஒருவருக்கு எழுதிய மடல், உலகெங்கும் இருந்த சுமார் 1,300 ஊழியர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. நிறுவனத்தின் பொருள்களை ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள் என்பது அதன் சாரம். சற்று நேரத்தில் மன்னிப்பு மடல் வந்தது. இணைப்பை மறந்த மாணவரிடம் எச்.ஆர். முகம் சுளிக்கும் நேரத்தில் இந்த இரண்டையும் மனத்துக்குள் நினைத்துக்கொள்ளலாம். வாய்விட்டுச் சொல்ல வேண்டாம்.

பரிகாரத்தில்தான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். பிழையைவிட மன்னிப்பு நீண்டுவிடுகிறது. கரண்ட் போனது, நெட் படுத்துவிட்டது, பாட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்தது, தான் இயல்பில் எவ்வளவு கவனமானவர் என்பது — நான்கு பத்தி. அந்த அவசரத்தில் இரண்டாம் மடலிலும் இணைப்பு விட்டுப்போய், மூன்றாவது மடல் கிளம்புகிறது. தேவைப்படுவது இவ்வளவுதான்: “வணக்கம். சற்றுமுன் அனுப்பிய மடலில் ரெஸ்யூம் விடுபட்டுவிட்டது. முழு விண்ணப்பத்தையும் இத்துடன் அனுப்பியுள்ளேன். இதையே ஏற்றுக்கொள்ளக் கோருகிறேன். சிரமத்துக்கு வருந்துகிறேன்.” தலைப்பில் பதவியின் பெயரோடு ‘திருத்தம்’ என்ற சொல் போதும். விட்டுப்போனதை மட்டும் அனுப்பாமல் எல்லாவற்றையும் மறுபடி இணைக்க வேண்டும். படிப்பவர் இரண்டு மடல்களைத் தேடி ஒட்டவைக்க மாட்டார். நிறுவனத்தின் பெயர் மாறியிருந்தால் கட்டாயம் திருத்த வேண்டும். ஓர் எழுத்து விட்டுப்போனதற்கெல்லாம் திருத்த மடல் போட்டால், கவனிக்காமல் போயிருக்கக்கூடியதை நாமே கைகாட்டிக் கொடுத்ததாகும்.

வருமுன் காக்க விரும்புவோர் வரிசையை மாற்றினால் போதும். முதலில் கோப்பை இணைத்து, அதை ஒருமுறை திறந்து டிக்ளரேஷன் வரை இறங்கிப் பாருங்கள். பிறகு கடிதம். பெறுநர் முகவரியைக் கடைசியில் நிரப்புங்கள். முகவரி இல்லாத மடலை எந்த விரல் தவறி அழுத்தினாலும் எந்த மென்பொருளும் அனுப்பாது.