நாய்க்கு வேலையில்லை: ஒரு பழமொழிக்கு விருத்தியுரை

"நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை" என்னும் பழமொழியை வெட்டியாக அலையும் மனிதரைத் திட்டுவதற்கே இதுகாறும் பயன்படுத்தி வந்திருக்கிறோம். நாயின் பக்கம் நின்று இதற்கு உரை கண்டவர் எவருமிலர். அக்குறையை நீக்கப் புகுந்தது இவ்வாய்வு. களம்: அருப்புக்கோட்டையில் ஒரு தறிக்காரத் தெரு. ஆய்வுப்பொருள்: மணி, வயது மூன்று. தாய்வழி சிப்பிப்பாறை, தந்தைவழி குறித்துத் தெருவில் கருத்து வேறுபாடு உண்டு. ஒரே நாயை வைத்து முடிவுக்கு வரலாமா என்று அறிஞர்கள் ஆட்சேபிக்கலாம். இரண்டாவது நாய்க்கு வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை.

முதலில் "வேலையில்லை" என்பதற்குப் பொருள் காண்போம். இந்த வறண்ட சீமையில் நாய் சும்மா வளர்ந்த பிராணி அன்று. சிப்பிப்பாறை, கன்னி இன நாய்கள் கரிசல் காட்டில் முயல் விரட்டவே பிறந்தவை; ஒட்டிய வயிறும் நீண்ட காலும் அந்த உத்தியோகத்தின் சீருடை என்க. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முயலைக் காப்பாற்றியது. நல்ல காரியம்தான். ஆனால் வேலை போன நாய்க்கு மாற்றுப் பணி பற்றி அதில் ஒரு பிரிவும் இல்லை. ராஜபாளையத்து நாய்க்காவது 2005இல் அஞ்சல் தலை கிடைத்தது. மணிக்குக் கிடைத்தவை பூட்டிய கம்பிக் கேட்டும் இருவேளைச் சோறும்.

"நிற்க நேரமில்லை" என்பது முன்னதன் விளைவு. வேலையில்லாத மூளை தனக்குத்தானே வேலை போட்டுக்கொள்ளும் என்பதாம். சித்திரை மாதத்தில் ஒரு பகல், மணி பக்கத்து வீட்டுத் தறியிலிருந்து தார்க்குச்சி ஒன்றைக் கவ்வி வந்து, எங்கள் வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி நூல் தீரும்வரை ஓடியது. முழங்கால் உயரத்துக்கு மரத்தில் அரக்கு நூல். அந்த வீட்டு அக்கா வந்து பார்த்தார். "தம்பி, உங்க நாய்க்குப் பாவு ஓட நல்லா வருது. கூலிக்கு அனுப்புறீகளா?" என்றார். இதை நாம் முதல் தரவாகக் கொள்கிறோம்.

அடுத்து சோதனை. மூன்று தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து, ஒன்றன் அடியில் நெத்திலிக் கருவாடு வைக்கப்பட்டது. முதல் நாள் மணி மூன்றையும் தட்டிவிட்டது. இரண்டாம் நாள் நேராகச் சரியான சிரட்டைக்குப் போனது. போகாமல் என்ன? மனித மூக்கில் மணமறியும் உணர்விகள் ஏறத்தாழ ஐம்பது, அறுபது லட்சம். நாய்க்கோ இருபது கோடிக்கு மேல். மூன்றாம் நாள் சிரட்டைகளை ஏறிட்டும் பார்க்காமல் அடுப்பங்கரைக்குள் போய், கருவாடு இருந்த ஓலைப்பெட்டியையே கவிழ்த்தது. உழைக்காமல் கிடைக்கும் தீனி பக்கத்திலேயே இருந்தும் எலிகள் பெரும்பாலும் விசையை அழுத்தி உழைத்தே தின்றன என்று 1963இல் அமெரிக்க உளவியலாளர் கிளென் ஜென்சன் கண்டறிந்தார். மணி எலியன்று என்பது நமது கண்டுபிடிப்பு.

அமெரிக்காவில் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் சேசர் என்னும் தம் நாய்க்கு 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்பித்தார். மூன்று ஆண்டுகள் பிடித்தன. மணிக்குத் தெரிந்த சொற்கள் மூன்று: சோறு, கருவாடு, போ. மூன்றாவதைத் தெரியாததுபோல் நடிக்கிறது. சேசரும் அப்பேராசிரியரும் சேர்ந்து பொழுதைப் போக்கியதில் யாருடைய மூளைக்கு அதிக வேலை என்பது தனி ஆய்வுக்குரியது.

உண்மையில், வேலையில்லாத நாயை என்ன செய்வது என்பதற்கான விடை பக்கத்துத் திருச்சுழியிலேயே பிறந்திருக்கிறது. 1879 டிசம்பர் 30இல் அங்கே பிறந்த வேங்கடராமன்தான் பின்னாளில் ரமண மகரிஷி. திருவண்ணாமலையில் கந்தாசிரமத்துக்கு வந்து சேர்ந்த கமலா என்ற நாயைப் பற்றி ஆர்தர் ஆஸ்பர்ன் எழுதியிருக்கிறார். வருஷா வருஷம் குட்டி போட்டு இடத்தை நிரப்பிவிடும் என்று அன்பர்கள் விரட்டிப் பார்த்தார்கள், அது போகவில்லை. முதல் பேறுகாலத்தில் அதைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, குங்குமமிட்டு, பத்தாம் நாள் விருந்தே வைத்தார்களாம். புதிதாக யாராவது வந்தால், கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டும்படி மகரிஷி கமலாவிடம் சொல்வார். அது ஒவ்வொரு சிலை, தீர்த்தம், சந்நிதி என்று அழைத்துப்போய் மலையைக் காட்டும். சலித்த நாய்க்குப் பந்து வாங்கித் தராமல் உத்தியோகம் கொடுத்தவர் நம் வட்டாரத்துக்காரர் என்பதை இங்கே பெருமையுடன் பதிவு செய்கிறோம்.

இம்முறையை மணியிடமும் பரிசோதித்தோம். மதுரையிலிருந்து வந்திருந்த மச்சானை நிறுத்தி, "மணி, மாமாவுக்கு ஊரைச் சுற்றிக் காட்டு" என்று சங்கிலியை அவர் கையில் கொடுத்தோம். மூன்றாவது மின்கம்பத்தில் பத்து நிமிடம் ஆனதாம். பிறகு குப்பைத்தொட்டி, பூக்கடை வாசல், பெயர் தெரியாத ஒரு பெட்டைநாயின் திண்ணை, கடைசியாகக் கறிக்கடை. கடைக்காரர் சங்கிலியைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். "மணி வீட்டு ஆளா? வாங்கண்ணே. மூணு ஈரல் பாக்கி நிக்குது."

மச்சான் கட்டிவிட்டு வந்தார். கேட் பூட்டியிருந்ததாக மேலே எழுதியதைத் திருத்தி வாசிக்கவும்.