அந்தப் பழைய முகப்பு எங்கே போச்சு?

தீமை மாற்றிவிட்டுத் தவிப்பவர்களும், தவிப்பவர்களைப் பார்த்துக் கவலைப்படுபவர்களும் கேட்ட கேள்விகள் இந்த முறை.

கே: எட்டு வருடமாக எழுதிவரும் வலைப்பூ. போனில் எதையோ பார்க்கப்போய், விரல் பட்டு தீம் மாறிவிட்டது. எழுதியதெல்லாம் போச்சா?

ப: ஒரு வரிகூடப் போகவில்லை. பதிவுகள், படங்கள், வாசகர் கருத்துகள் எல்லாம் தனியாகப் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை எந்த நிறத்தில், எந்த எழுத்துருவில், எந்த வரிசையில் காட்டுவது என்ற கட்டளைகளின் தொகுப்புதான் தீம். சட்டை மாறியிருக்கிறது, ஆள் அதே ஆள்தான்.

எழுத்து வேறு, அலங்காரம் வேறு என்ற இந்தப் பிரிவினைக்கு நன்றி சொல்ல வேண்டிய ஆள் ஹோக்கன் வியூம் லீ என்ற நார்வேக்காரர். 1994 அக்டோபரில் அவர் முன்வைத்த யோசனைதான் சிஎஸ்எஸ். 1996 டிசம்பரில் அது இணையத்தின் அதிகாரபூர்வப் பரிந்துரையாயிற்று. அதன் சக்தியை உலகுக்குக் காட்டியது 2003இல் டேவ் ஷே தொடங்கிய சிஎஸ்எஸ் ஜென் கார்டன் என்ற தளம். அங்கே பக்கத்தின் வாசகம் ஒன்றே ஒன்று. அதை யாரும் தொடக்கூடாது. அலங்காரக் கோப்பை மட்டும் மாற்றி எழுதி அனுப்ப வேண்டும். வடிவமைப்பாளர்கள் அனுப்பியவற்றை வரிசையாகப் பார்த்தால், எல்லாம் ஒரே பக்கம் என்று சத்தியம் செய்தால்தான் நம்ப முடியும்.

கே: பிளாகரில் பழைய தீமை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

ப: பழையது எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. பிளாகரே தரும் தீம்களில் ஒன்று என்றால் (சிம்பிள், சோஹோ, கான்டெம்போ, எம்போரியோ போல) அதே பட்டியலில் இன்னமும் இருக்கும். மறுபடி தேர்ந்தெடுத்தால் போதும். நிறத்தையும் எழுத்தின் அளவையும் கையால் மாற்றி வைத்திருந்தால் அவற்றை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

வெளியிலிருந்து இறக்கிய தீம், அல்லது எச்டிஎம்எல்லுக்குள் புகுந்து தானே திருத்திய தீம் என்றால் கதை வேறு. முந்தைய வடிவங்களைப் பயனர் எடுத்துப் பார்க்கும்படி பிளாகர் வைத்திருப்பதில்லை. தீம் பக்கத்தில் கஸ்டமைஸ் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கிறது. பேக்கப், ரீஸ்டோர் இரண்டும் அதற்குள்தான் ஒளிந்திருக்கின்றன. முன்னொரு நாள் பேக்கப் எடுத்து வைத்த எக்ஸ்எம்எல் கோப்பு கணினியின் டவுன்லோட்ஸ் போல்டரில் தூங்கிக்கொண்டிருந்தால், அதை எழுப்பி ரீஸ்டோரில் கொடுத்தால் வேலை முடிந்தது.

மாறிய முதல் ஐந்து நிமிடம் முக்கியம். பதற்றத்தில் அடுத்தடுத்து நாலு தீமை அழுத்திப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது; செய்யக் கூடாததும் அதுதான். வேறு டேபிலோ வேறு போனிலோ பழைய தோற்றத்தோடு பக்கம் திறந்தபடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ரீஃப்ரெஷ் செய்யாமல் அப்படியே சேமித்துக்கொள்ளலாம். எச்டிஎம்எல் திருத்தும் பக்கம் பழைய நிரலோடு எங்காவது திறந்திருந்தால் அது புதையல்: முழுவதையும் நகலெடுத்து ஒரு நோட்பேடில் ஒட்டிவிட வேண்டும்.

கே: தீம் திரும்பிவிட்டது. ஆனால் ஓரத்தில் இருந்த பெட்டிகளில் பாதியைக் காணோம்!

ப: தமிழ் வலைப்பதிவர்களுக்கு இது பழைய வலி. தமிழ்மணம் திரட்டி கொடிகட்டிப் பறந்த நாள்களில், அதன் கருவிப்பட்டைக்கான நிரலைப் பலரும் டெம்ப்ளேட்டுக்குள்ளேயே ஒட்டியிருந்தார்கள். டெம்ப்ளேட் மாறினால் பட்டையும் காணாமல் போகும். தீமுக்குள் கையால் ஒட்டிய எதுவும் தீமோடு போய்விடும் என்பது இன்றைக்கும் விதி. அப்படி ஒட்டும் ஒவ்வொரு நிரல் துண்டையும் தனி உரைக்கோப்பில், எதற்கு என்ற ஒரு வரிக் குறிப்போடு வைத்துக்கொள்பவருக்கு மீட்பு வேலை அரைமணி நேரம். வைத்துக்கொள்ளாதவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை.

கே: வேர்ட்பிரஸ்ஸிலும் இதே பாடுதானா?

ப: அங்கே கொஞ்சம் கருணை அதிகம். சொந்தமாக நிறுவிய வேர்ட்பிரஸ்ஸில் தீமை மாற்றினால் பழைய தீம் அழிவதில்லை. சர்வரில் தன் போல்டரில் அப்படியே இருக்கிறது. அதன் நிறம், தலைப்புப் படம், மெனு எந்த இடத்தில் என்ற விவரங்களெல்லாம் தரவுத்தளத்தில் அந்தத் தீமின் பெயரிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கும். தோற்றம் என்ற மெனுவுக்குப் போய் பழையதை மறுபடி இயக்கினால் பெரும்பாலும் எல்லாம் விட்ட இடத்திலேயே நிற்கும். புதிய தீமில் இடம் கிடைக்காத விட்ஜெட்களையும் தூக்கி எறியாமல், செயல்படாதவை என்று ஒரு மூலையில் அடுக்கி வைக்கிறது.

ஆபத்து வேறு ஒரு பக்கத்திலிருந்து வருகிறது: அப்டேட். தீமின் கோப்புகளில் நேரடியாகக் கைவைத்துத் திருத்தியவர், ஒரு நாள் அப்டேட் பொத்தானை அழுத்தியதும் திருத்தமெல்லாம் துடைக்கப்பட்டுவிடும். சைல்ட் தீம் என்ற ஏற்பாடு இதற்காகவே வந்தது. மூலத் தீமைத் தொடாமல் மாற்றங்களை மட்டும் ஒரு குட்டித் தீமில் எழுதிக்கொள்வது. தீமைத் திருத்தி விளையாடும் ஆசை உள்ள எவரும் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது.

கே: பேக்கப் இல்லை, திறந்த டேபும் இல்லை. இனி யாரிடம் போய்க் கேட்பது?

ப: இன்டர்நெட் ஆர்க்கைவிடம். புரூஸ்டர் கேல் 1996இல் தொடங்கிய இந்த நூலகம், இணையப் பக்கங்களைப் படம்பிடிப்பதுபோல அவ்வப்போது சேமித்து வருகிறது. 2001இல் வேபேக் மெஷின் என்ற பெயரில் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். தளத்தின் முகவரியைக் கொடுத்தால் வருடவாரியாக ஒரு நாள்காட்டி விரியும். பக்கம் சேமிக்கப்பட்ட தேதிகளில் வட்டம் போட்டிருக்கும். மாற்றத்துக்கு முந்தைய வட்டம் ஒன்றை அழுத்தினால் பழைய முகப்பு எதிரே வந்து நிற்கும்.

அங்கே கிடைப்பது தோற்றம்தான், தீம் இல்லை. 'இங்கே தலைப்பைப் போடு, இங்கே தேதியைப் போடு' என்ற கட்டளைகள் சர்வரிலேயே வேலையை முடித்துவிடுகின்றன. உலாவிக்கு வருவது முடிவு மட்டும். ஆகவே எக்ஸ்எம்எல் கோப்பை அங்கிருந்து எடுக்க முடியாது. நிறங்களின் எண்கள், எழுத்துரு, தலைப்புப் படம், ஓரப் பெட்டிகளின் வரிசை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு ஒரு சாதாரணத் தீமின் மேல் பழைய முகத்தை மறுபடி கட்டலாம். பக்கத்தின் மூல நிரலைப் பார்த்தால் தீமின் பெயரும் அதைச் செய்தவரின் பெயரும் பல நேரம் மேலேயோ அடியிலேயோ எழுதியிருக்கும். அந்தப் பெயரைத் தேடினால் அசல் தீமே கிடைத்துவிட்ட கதைகளும் உண்டு.

கே: வேபேக்கில் என் 2001ஆம் வருடத் தமிழ்த் தளம் கிடைத்தது. ஆனால் திரை முழுக்கக் கிறுக்கல்!

ப: அது கிறுக்கல் இல்லை, தமிழேதான். யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு எழுத்துருவைக் கட்டிக்கொண்டு அழுதது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருந்தார்கள். இலங்கையிலும் புலம்பெயர்ந்தோர் தளங்களிலும் வெகுவாகப் புழங்கிய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால், கணினி சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஐந்தும் அப்படியே பல்லிளிக்கும். உலகத் தமிழர் சிலர் கூடி உருவாக்கிய திஸ்கி, 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய டாம், டாப் எல்லாம் இந்தக் குழப்பத்துக்கு ஒழுங்கு கொண்டுவர நடந்த முயற்சிகள்.

கிறுக்கலை நகலெடுத்து என்எச்எம் கன்வெர்ட்டரிலோ, பொங்குதமிழ் போன்ற செயலியிலோ போட்டு, சரியான குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் யூனிகோடு தமிழாக மாறிவிடும். எந்தக் குறியாக்கம் என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. இதைத் தள்ளிப்போடக் கூடாது. அந்தக் காலத்துத் தமிழ் இணையத்தின் கணிசமான பகுதி இந்தப் பூட்டுகளுக்குள்தான் கிடக்கிறது. சாவிகளை நினைவு வைத்திருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

கே: கண்ட்ரோல் இசட் அழுத்தினால் எல்லாம் திரும்பும் காலத்தில், தீமுக்கு மட்டும் ஏன் அது இல்லை?

ப: செய்ததை இல்லையென்று ஆக்கும் வசதி 1968இலேயே அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபிரெஸ் என்ற உரைத் திருத்தியில் இருந்தது. ஆனால் அப்படிப்பட்ட வசதி வேலை செய்வது, கடைசியாக நடந்ததை அந்த மென்பொருள் நினைவில் வைத்திருக்கும்வரைதான். தீம் மாற்றம் தொலைதூர சர்வரில் எழுதப்பட்டு, அந்த நொடியே எல்லா வாசகர் கண்ணிலும் பட்டுவிடுகிறது. ஜிமெயில் அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெறுகிறதே என்று கேட்கலாம். உண்மையில் திரும்பப் பெறுவதில்லை. அதிகபட்சம் 30 நொடி அனுப்பாமல் கையில் பிடித்து வைத்திருக்கிறது. வேர்ட்பிரஸ்ஸில் இயக்குவதற்கு முன் தீமை முன்னோட்டம் பார்க்கும் வசதியும் அந்த வகைதான்.

கே: பெரிய நிறுவனங்களுக்கு இப்படியெல்லாம் நடக்குமா?

ப: 1998இல் பிக்ஸாருக்கு நடந்தது. டாய் ஸ்டோரி 2 படம் தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ கொடுத்த ஒரு அழிப்புக் கட்டளை, படத்தின் கோப்புகளைத் தின்னத் தொடங்கியது. திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்ணெதிரே கதாபாத்திரங்களின் கோப்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. இயந்திரத்தின் இணைப்பைப் பிடுங்கச் சொல்லிப் போன் பறந்தது. பேக்கப்பை எடுத்துப் பார்த்தால், அதுவும் சில காலமாகச் சரியாகப் பதிவாகவில்லை. சோதித்துப் பார்த்தவர் யாருமில்லை.

படத்தைக் காப்பாற்றியது ஒரு கைக்குழந்தை என்றே சொல்லலாம். தொழில்நுட்ப மேற்பார்வையாளர் கேலின் சஸ்மன் குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்துவந்தார். அவர் வீட்டுக் கணினியில் படத்தின் நகல் ஒன்று இருந்தது. அந்தக் கணினியைப் போர்வைகளில் சுற்றி, காரின் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு அலுவலகம் சேர்ந்தார்கள்.

தெரிந்தே மாற்றிவிட்டுத் திரும்பியவர்களும் உண்டு. ஆடை நிறுவனமான கேப் 2010 அக்டோபரில் புது லோகோவைக் காட்டிவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பழையதற்கே போய்விட்டது. அவர்களிடம் பழைய லோகோ இருந்தது, ஆகவே பிரச்சினை இல்லை.

கே: மாற்றுவதற்கு முன் நகல் எடுக்கும் பழக்கம் எப்போது வந்தது?

ப: கணினிக்கு வெகுகாலம் முன்பே. கொள்ளிடக் கரையில் உள்ள திருமழபாடி வைத்தியநாதர் கோயிலின் கருவறையை இடித்துப் புதிதாகக் கட்ட முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். அத்தோடு இன்னொன்றும் சொன்னான்: சுவரை இடிக்கும் முன் அதிலுள்ள கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். கட்டி முடித்த பிறகு அந்தப் படியைப் பார்த்து, புதுச் சுவரில் மீண்டும் வெட்டினார்கள். ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இதைப் பதிவு செய்கிறது. நிலக்கொடை, விளக்குக்கு விட்ட ஆடு என்று ஊராரின் உரிமைகளெல்லாம் அந்தச் சுவரில்தான் இருந்தன. சுவர் போனால் சாட்சி போகும். செம்பியன் மாதேவியும் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக்கியபோது இதே அக்கறையைக் காட்டினார். திருக்கோடிக்காவலில் மறுபடி வெட்டிய கல்வெட்டுகள், தாம் பழைய கல்லின் படி என்பதைத் தாமே அறிவிக்கின்றன. எது அசல், எது நகல் என்று குறித்து வைத்த அந்த நேர்மை வியக்க வைக்கிறது.

கே: பழையதை மீட்கப்போய் இப்போதைய தோற்றத்தையும் கெடுத்துக்கொண்டால்?

ப: ரீஸ்டோர் அழுத்தும் முன் இப்போதைய தீமையும் ஒரு பேக்கப் எடுத்துவிடுவதுதான் வழி. தஞ்சைப் பெரிய கோயிலில் செய்ததும் அதுதான். கருவறையைச் சுற்றிய இருண்ட திருச்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டுபிடித்தார். அடியில் இருப்பதைப் பார்க்க மேலே இருப்பதைச் சுரண்டி எறிந்துவிட்டால் பாதி வரலாறு போயிருக்கும். தொல்லியல் துறையினர் மேல்படலத்தைச் சேதமில்லாமல் பெயர்த்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் பொருத்தி, கோயில் வளாகத்திலேயே காட்சிக்கு வைத்தார்கள். சுந்தரர் வெள்ளை யானையில் கைலாயம் போகும் சோழர் ஓவியமும் இருக்கிறது, அதை மூடியிருந்த காலத்தின் ஓவியமும் இருக்கிறது.

இதற்கு நேர்மாறானது, பழைய பொலிவைக் கொண்டுவருவதாகச் சொல்லிக் கோயில் சுவர்களில் மணலைப் பீய்ச்சி அடிக்கும் முறை. கல் பளிச்சென்று ஆகும். கல்வெட்டின் எழுத்து மழுங்கிவிடும். அதை எந்தப் பேக்கப்பிலிருந்தும் அந்தக் கல்லுக்குத் திருப்பித் தர முடியாது.

கே: ஒரு வாரத்தில் புதுத் தீமே பிடித்துப்போய்விட்டது. பழையதை நீக்கிவிடலாமா?

ப: பிளாகரில் இந்தக் கேள்வியே எழாது; பழைய எக்ஸ்எம்எல் கணினியில் ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும். வேர்ட்பிரஸ்ஸில் நீக்குவதுதான் நல்லது. பயன்படுத்தாமல், அப்டேட்டும் செய்யாமல் சர்வரில் கிடக்கும் தீம்கள் வழியாக ஊடுருவல்கள் நடப்பதுண்டு. அந்தத் தீமின் போல்டரை ஒரு ஜிப் கோப்பாக இறக்கி, தளத்தின் பெயரையும் தேதியையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வைத்துக்கொண்டு, சர்வரிலிருந்து அழித்துவிடலாம். வேர்ட்பிரஸ்ஸோடு வரும் இயல்புத் தீம் ஒன்றை மட்டும் விட்டுவைக்க வேண்டும். புதுத் தீம் என்றைக்காவது படுத்துவிட்டால், தளம் தற்காலிகமாக ஏறி நிற்க அது உதவும்.