ஐபி போகுது, பேர்தான் போகலை

ஆபீசில் நெட் போனால் எல்லோருக்கும் எரிச்சல் வரும். ஒருவருக்கு மட்டும் முகம் மலரும். லினக்ஸ் ஜி இல்லாத ஆபீஸ் அபூர்வம். சம்பளம் வாங்குவது அக்கவுண்ட்ஸிலோ டிசைனிலோ இருக்கலாம். ஆனால், "உபுண்டுல எந்த சைட்டும் திறக்கலை" என்று யாராவது முனகினால் போதும், காபியைப் பாதியில் வைத்துவிட்டு நாற்காலியோடு உருண்டு வந்துவிடுவார்.

வந்ததும் மவுஸைத் தள்ளி வைப்பார். அதைத் தொடுவது கௌரவக் குறைச்சல். கறுப்புத் திரையைத் திறந்து 8.8.8.8-க்கு பிங் அடிப்பார், பதில் வரும். ஒரு சைட்டின் பேருக்கு அடிப்பார், வராது. கூட்டம் கூடிவிட்டதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு தீர்ப்பை வாசிப்பார்: "ஐபி போகுது, பேர்தான் போகலை. டிஎன்எஸ்!"

"அப்படின்னா?" என்று கேட்டால் தொலைந்தீர்கள். 1983-க்கு முன்னால் போய்விடுவார். ஆர்பாநெட் கம்ப்யூட்டர்களின் பேரெல்லாம் ஒரே ஃபைலில் இருந்ததையும், ஸ்டான்ஃபோர்டு ரிசர்ச் இன்ஸ்டிடியூட்டில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைக் கட்டிக் காத்ததையும், கம்ப்யூட்டர்கள் பெருகி அந்த ஏற்பாடு திணறியபோது பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸைக் கொண்டுவந்ததையும் சொந்தத் தாய்மாமன் கதைபோலச் சொல்வார். "ஜி, இன்னிக்கு ஜிஎஸ்டி கடைசி நாள்..." என்பது அவர் காதில் ஏறாது.

அடுத்து ரிசால்வ் டாட் கான்ஃப் என்ற ஃபைலைத் திறப்பார். உள்ளே 127.0.0.53 என்றிருக்கும்.

"இது யாரு தெரியுதா? உங்க மெஷினேதான்! விலாசத்தைத் தன்கிட்டயே கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கு."

உண்மையில், வெளியே இருக்கும் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டுச் சொல்ல சிஸ்டம்டி உள்ளே உட்கார்த்தி வைத்திருக்கும் தரகர் அது. தரகர் யாரிடம் கேட்கிறார் என்று ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் போட்டுப் பார்த்து, அங்கே திருத்தினால் வேலை முடிந்தது. ஜிக்குத் தரகர்களே ஆகாது. 'இந்த ஃபைலில் கை வைக்காதே' என்று அந்த ஃபைலிலேயே எழுதியிருக்கும். அதைப் படித்த பிறகுதான் அவருக்குக் கை பரபரக்கும். ஃபைலைத் தூக்கிவிட்டு, ஆபீஸ் டிஎன்எஸ் சர்வரின் ஐபியைத் தன் கையாலேயே எழுதிப் புதிது வைப்பார். சைட் திறக்கும். கைதட்டல்.

புதிதாகச் சேர்ந்த பையன் சும்மா இருக்க மாட்டான். "நெட்வொர்க் மேனேஜர் திரும்ப மாத்திடுமே ஜி?"

"அதுக்குத்தான் இது" என்று சாட்டர் ப்ளஸ் ஐ அடித்து ஃபைலைப் பூட்டுவார். "இனி ரூட்டே வந்தாலும் ஒரு எழுத்து மாத்த முடியாது!"

சில மாதம் கழித்து ஆபீஸ் டிஎன்எஸ் சர்வரின் ஐபி மாறும். மற்ற மெஷின்களெல்லாம் டிஹெச்சிபி மூலம் புது ஐபியை வாங்கிக்கொண்டு பேசாமல் வேலை பார்க்கும். உங்களுடையது மட்டும் பழைய ஐபியைக் கட்டிக்கொண்டு அழும். நாற்காலி உருண்டு வரும். ஜி ஃபைலைத் திறப்பார், திருத்துவார், சேவ் கொடுப்பார். 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்று வரும். இன்னொரு முறை கொடுப்பார். அதே பதில்.

கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, உண்மையான கோபத்தோடு கேட்பார்: "எந்தப் புண்ணியவான்யா இதைப் பூட்டி வெச்சது?"