யாரைத் தரம் பிரிப்பது?

தில்லி அரசுக்கு ஒரு சால்வை போர்த்தத்தான் வேண்டும். 2016இல் அது 'சுனௌதி' என்றொரு திட்டம் கொண்டுவந்து, ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்புவரை அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தரம் பார்த்துப் பிரித்தது. பாடப்புத்தகத்தை வாசிக்கிற பிள்ளை 'பிரதிபா'. தடுமாறினால் 'நிஷ்டா'. எழுத்துக் கூட்டவே வராவிட்டால் 'நியோ நிஷ்டா'. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு முறையோ அதற்கு மேலோ தோற்றவர்கள் 'விஸ்வாஸ்'. பெயர்களெல்லாம் அழகுதான். மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டிக்கு ரோஜா என்று பெயர் சூட்டினால் பலகை மெத்தையாகிவிடுமா என்ன?

ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்கு வாசிக்க வரவில்லையே, ஐந்து வருடம் அது எங்கே இருந்தது? பெரும்பாலும் மாநகராட்சிப் பள்ளியில். தில்லியில் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பகுதி மாநகராட்சியிடம். ஆறாம் வகுப்பு முதல் தில்லி அரசிடம். அன்று அங்கே பாஜக, இங்கே ஆம் ஆத்மி. "அவர்கள் சொல்லித்தரவில்லை" என்று இவர்கள் கைகாட்டலாம். "இவர்கள் அரசியல் செய்கிறார்கள்" என்று அவர்கள் கைகாட்டலாம். முத்திரை என்னவோ பதினொரு வயதுப் பிள்ளையின் நெற்றியில்தான் விழுந்தது.

எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். கற்றுக்கொடுத்து ஏற்றிவிடு என்று அதற்கு அர்த்தம். நம்மவர்கள் ஏற்றிவிடுவதை மட்டும் சிரத்தையாகச் செய்தார்கள். ஒன்பதில் முட்டி விழுந்த 'விஸ்வாஸ்' பிள்ளைகளைப் பத்ராசார் வித்யாலயா என்ற அஞ்சல்வழிப் பள்ளியின் பெயரில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வைத்தார்கள். அவர்கள் தோற்றபோது அந்தத் தோல்வி அஞ்சல்வழிக் கணக்கில் சேர்ந்தது. வழக்கமான பள்ளியின் தேர்ச்சி விகிதத்துக்குக் கீறல் விழவில்லை. எத்தனை சாமர்த்தியம்!

பிள்ளையின் பலமறிந்து குழு அமைக்கிறோம் என்று யாராவது பதில் சொன்னால், அளந்த பலம் எது? வாசிப்பும் கொஞ்சம் கணக்கும். ஆசாத்பூர் காய்கறி மண்டியில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று சில்லறை பிசகாமல் எண்ணித் தருகிற பையனின் மனக்கணக்கு எந்தப் படிவத்தில் ஏறியது? வீட்டில் போஜ்புரி, தெருவில் பஞ்சாபி, பள்ளியில் இந்தி என்று மாறி மாறிப் பேசுகிற சிறுமிக்கு எந்தக் குழு?

வாசிக்க வராத பிள்ளைக்குத் தனிக் கவனம் தேவை, யார் மறுத்தார்கள்? தினம் ஒரு மணி நேரம் தனியாகச் சொல்லிக்கொடுங்கள். மற்ற நேரம் வாசிக்கிற பிள்ளையும் கணக்குப் போடுகிற பிள்ளையும் படம் வரைகிற பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரட்டும். அதற்குப் பெயர்தான் பலமறிந்து குழு அமைப்பது. வாசிக்க வராதவர்களை மட்டும் வருடம் முழுக்க ஓர் அறையில் அடைத்தால் அதற்குப் பெயர் ஒதுக்கல்.

தரம் பிரித்தே தீர வேண்டுமா? மேலிருந்து தொடங்குங்கள். ஐந்து வருடம் சொல்லித்தராமல் சம்பளம் வாங்கியவர்கள் ஒரு குழு. பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்ட அதிகாரிகள் ஒரு குழு. தேர்ச்சி விகிதத்தை விளம்பரமாக்கி ஓட்டுக் கேட்டவர்கள் ஒரு குழு. மூன்றையும் அஞ்சல்வழிக்கு அனுப்புங்கள். பிள்ளைகள் வகுப்பிலேயே இருக்கட்டும்.