கிளிவெட்டியில் கிழிந்த சீற்: புதுப்பித்தலின் தத்துவமும் நடைமுறையும்

ஆய்வுச் சுருக்கம்

கிழிந்துபோன சைக்கிள் சீற்றை என்ன செய்வது என்று கேட்டால், எல்லாரும் சொல்லும் விடை ஒன்றுதான்: புது உறை போடு. இக்கட்டுரை அந்த விடையில் பாதியை ஏற்று, மீதியை மறுக்கிறது. கிழிசல் சீற்றுக்கு வந்த நோயல்ல, சைக்கிளுக்கு வாய்த்த காவல் என்பதைத் திருகோணமலை மாவட்டத்துக் கிளிவெட்டியை ஆய்வுக்களமாகக் கொண்டு நிறுவுவதே நோக்கம்.

1. முன்னாய்வுகள்

இத்துறையில் முன்னோர் நமக்கு எதையும் விட்டுச் செல்லவில்லை. கவிராச வரோதயர் இயற்றிய கோணேசர் கல்வெட்டு, கோணேசர் கோயில் தொழும்பில் யார் யாருக்கு என்ன கடமை என்று ஒழுங்காக வகுத்துச் சொல்கிறது. சீற் தைப்பவருக்கு அதில் இடமில்லை. கிளிவெட்டி இருக்கும் கொட்டியாரப் பகுதியின் கரையில் 1660இல் பிடிபட்ட ஆங்கிலேயர் ரொபேட் நொக்ஸ், ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து, 1681இல் இலண்டனில் புத்தகம் போட்டார். நெல் விதைப்பது முதல் தண்டனை முறைகள் வரை எழுதியவர் சீற் பற்றி மூச்சே விடவில்லை. அக்காலத்தில் சைக்கிளே கிடையாது என்று அவருக்காக வாதாடுவோர் உண்டு. ஆய்வுலகில் இந்தச் சாட்டு எடுபடாது.

அரசியலாளரும் உதவவில்லை. அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசின் சின்னம் சைக்கிள். வாக்குச்சீட்டில் அதன் சீற் எக்காலத்திலும் புத்தம்புதிதாகவே இருக்கிறது. கள ஆய்வு செய்யாமல் வரையப்பட்ட படம் என்பது வெளிப்படை.

2. வரலாறு

இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் 1866இல் ஜோன் போல்ட்பீ புறூக்ஸ் என்பவர் தோல்சாமான் தொழில் தொடங்கினார். அவருடைய குதிரை செத்துப்போக, இன்னொன்று வாங்க வசதியில்லாமல் 1878இல் ஒரு சைக்கிளை இரவல் வாங்கினார் என்றும், அதன் சீற் படுத்திய பாட்டில் நல்ல சீற் ஒன்று செய்தே தீருவதென்று சபதம் எடுத்தார் என்றும் அந்த நிறுவனம் கதை சொல்கிறது. 1882இல் காப்புரிமையும் பெற்றார். ஆய்வாளர்கள் கவனிக்கத் தவறிய இடம் இதுதான். இரவல் சைக்கிளின் சீற் நன்றாக இருந்திருந்தால் மனிதர் அதைத் திருப்பிக் கொடுத்திருப்பாரா? கொடுத்தவரைப் பற்றி வரலாறு ஒன்றும் சொல்லவில்லை. அவர்தான் இத்துறையின் முதல் ஞானி.

புறூக்சின் தோல் சீற்றுக்குள் பஞ்சு கிடையாது. இரும்புச் சட்டத்தில் முன்னும் பின்னும் ரிவிட் அடித்து இழுத்துக் கட்டிய ஒற்றைத் தோல் அது. தொய்ந்தால் மூக்கடியில் உள்ள நட்டை முடுக்கலாம். ஜேர்மனியில் ஓட்டோ பேயர் 1937இல் கண்டுபிடித்த பொலியூரத்தேன் பின்னாளில் ஸ்பொஞ்சாகி உலகெங்கும் பரவியது. தகட்டின் மேல் ஸ்பொஞ், ஸ்பொஞ்சின் மேல் ரெக்சின் என்ற மலிவான சீற் அதன்பிறகே நம் ஊர்களை ஆண்டது. நம் பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகிறது.

3. களமும் காலநிலையும்

கிளிவெட்டி, மூதூருக்குத் தெற்கே வயல் சூழ்ந்த ஊர். மட்டக்களப்பு வீதி ஊடறுத்துப் போகிறது. வரம்படிக்கு வாகனம் போகாது. மண்வெட்டியைப் பாரில் கட்டிக்கொண்டு சைக்கிள் போகும். வேலை முடியும் மட்டும் அது வெயிலில் நிற்கும். சீற்றின் சீரழிவு அந்த வெயிலில்தான். ரெக்சினை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய்த்தன்மையான சேர்மானம் சூட்டில் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். மிஞ்சுவது விறைத்த தோல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது வெடிக்கிறது. வெடிப்பு வழியே வெயில் பட்ட ஸ்பொஞ் மஞ்சளாகி, மாவாகிக் கொட்டுகிறது. பிறகு மாரி வருகிறது. எஞ்சிய ஸ்பொஞ் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒன்றும் அறியாததுபோல் கிடக்கும். ஏறி இருந்தவர் பாடசாலைக்கோ கச்சேரிக்கோ போய் இறங்கும்போது, குடித்த தண்ணீருக்குக் கணக்கு அவருடைய காற்சட்டையில் தெரியும்.

4. அடுக்காய்வு

கிளிவெட்டிச் சீற்றில் பழைய உறையைக் கழற்றிப் புதிது போடுவது அபூர்வம். பழையதன் மேல் புதியது ஏறும். ஆகவே சீற்றை மேலிருந்து கீழே கிண்டினால் காலம் பின்னோக்கிப் போகும். மேலே சொப்பிங் பாக், மாரிக்கானது. அடுத்தது யூரியா உரப்பை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் தடை தளர்ந்தது அனைவரும் அறிந்தது. விளைச்சல் விழுந்ததைப் பொருளியலாளர் எழுதினார்கள். சீற்றுக்கு உரப்பை கிடைக்காமற் போனதை ஒருவரும் எழுதவில்லை. அதன் கீழே சில சீற்றுகளில் தறப்பாள் துண்டு இருக்கும். 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர்ப் பக்கத்துச் சனம் ஆண்டுக்கணக்காகத் தங்கிய முகாம் கிளிவெட்டியில் இருந்தது. அந்த அடுக்குக்கு வயது கணிக்க எந்த ஆய்வுகூடமும் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் அடியில், கடையிலிருந்து வந்த முதல் ரெக்சின், பெயர் அழிந்த நிலையில்.

5. புதுப்பிக்கும் முறை

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு, அங்கே ‘பாதை’ப் படகுக்குக் காத்து நிற்காமல் திருகோணமலைக் குசன் கடைகளுக்குப் போக வழி பிறந்தது. ஆனால் பஸ்ஸில் சைக்கிள் இல்லாமல் சீற்றை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு போகிறவரைப் பக்கத்துச் சீற்காரர் பார்க்கும் பார்வை தாங்கத்தக்கதல்ல. எனவே வீட்டு முறையே இங்கு தரப்படுகிறது.

சீற்றுக் கழுத்து நட்டை இளக்குக. துருப்பிடித்திருந்தால் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு பொறுத்திருக்க. பழைய உறையைக் கழற்றிக் கவனமாக எடுத்து வைக்க. ஏன் என்பது பின்னர் விளங்கும். அதையே அச்சாக வைத்து, சுற்றிவர இரண்டு விரல் அகலம் கூட்டிப் புது ரெக்சினை வெட்டுக. வெட்டியதை மத்தியான வெயிலில் போட்டால் இளகிவரும். சீற்றைக் கெடுத்த வெயிலிடம் வாங்கக்கூடிய நட்டஈடு இவ்வளவுதான். மாவான ஸ்பொஞ்சைச் சுரண்டிவிட்டுப் புதியது வைக்க. தடிப்பு முக்கியமல்ல, இறுக்கம் முக்கியம். உடற்பாரம் இறங்குவது இருப்பெலும்பின் இரண்டு முனைகளில். மெத்தென்ற ஸ்பொஞ்சில் அவை புதைந்து தகட்டைத் தேடிப் போகும்.

இழுக்கும் ஒழுங்கு: முதலில் மூக்கு, அடுத்துப் பின்புறம், கடைசியில் பக்கங்கள். பக்கத்தில் தொடங்கியவரின் சீற் காலம் முழுவதும் ஒருபக்கம் கோணியே நிற்கும். மூக்கில் சுருக்கம் விழும் இடத்தில், கீழே மடியும் ஓரத்தை மட்டும் ஆப்பு வடிவில் கத்தரிக்க. சொலூசனை இரு புறமும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்தபின் அழுத்துக. கோணூசியும் நைலோன் நூலும் கொண்டு அடியில் தைக்க. மேலே ஒரு தையலும் வரலாகாது. ஊசி போன ஓட்டையால் மாரியும் போகும். தையலில் நம்பிக்கையில்லாதவர் பழைய ரியூப்பை நாடாவாகக் கிழித்து அடியில் வரிந்து கட்டலாம்.

6. புதுப்பித்தலின் பின்விளைவு

புதுப்பிக்கும் வேலை இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. பிரச்சினை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. புதுச் சீற் மினுங்கும். படலைக்கு வெளியே குரல் கேட்கும்.

“தம்பி, சைக்கிள ஒருக்காத் தாங்க, சந்தி மட்டும் போயிட்டு வாறன்.”

இரவல் வாங்குவோரின் சந்தி தோப்பூர் வரை நீளும்; சில நாள் மூதூரையும் தொடும். சைக்கிள் திரும்பும்போது பொழுதுபட்டிருக்கும், பின் ரயரில் காற்றும் இராது. இதே வீட்டில் கிழிந்த சீற் இருந்த காலத்துப் பதிவு வேறு:

“தாறன் மாமா, சீற்தான் ஈரம். கம்பியும் கொஞ்சம் குத்தும்.”

“அப்ப வேணாம் மகன். நான் நடந்தே போறன்.”

2022இல் எரிபொருளுக்குத் தட்டுப்பாடு வந்து, கியூ.ஆர். அட்டையோடு நாடே வரிசையில் நின்றபோது சைக்கிள் விலை தலைக்குமேல் ஏறியது. திருடரின் கண்ணும் அதன்மேல் விழுந்தது. திருடரும் இருந்து மிதிக்க வேண்டியவர்தானே. பூட்டை உடைக்கலாம், கிழிசலில் இருக்க முடியாது.

7. முடிவும் பரிந்துரையும்

சீற்றுக்கு இரண்டு கடமைகள்: உரியவரைத் தாங்குவது, மற்றவரைத் தடுப்பது. புது உறை முதற்கடமையை மட்டும் செய்யும். கிழிசல் இரண்டாவதை மட்டும் செய்யும். ஆகவே மேற்சொன்ன முறைப்படி புது ரெக்சின் போட்டு முடித்தபின், எடுத்துவைத்த பழைய உறையைக் கிழிசல் மேலே தெரியும்படி அதன்மீது மாட்டுக. ஒரு சொப்பிங் பாக்கையும் கட்டிவிடுக. இருப்பவருக்குச் சுகம், பார்ப்பவருக்கு இரக்கம்.

இம்முறையில் ஒரேயொரு குறை உண்டு. இரவல் கேட்டு வருபவர் இக்கட்டுரையைப் படித்திருந்தால், பழைய உறையை விரலால் நீக்கிப் பார்த்துவிடுவார். எனவே இதை அயலவர் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன்.