18 வோல்ட் மரியாதை

மெல்பர்ன்

அன்புள்ள அத்தானுக்கு,

அக்காவுக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் இந்த வயதில் வேலைக்குப் போவதாக அக்கா காதில் யாரோ போட்டிருக்கிறார்கள். போன் பண்ணி அழுதாளாம். வேலையுமில்லை, சம்பளமுமில்லை, வருடச் சந்தா கட்டுவதே நான்தான். வாரத்தில் சில காலைகள் போய் மரத்தூளில் குளித்துவிட்டு வருகிறேன், அவ்வளவுதான். இதற்கு 'மென்ஸ் ஷெட்' என்று பேர். ஓய்வுபெற்ற ஆண்பிள்ளைகள் கூடும் பொதுப் பட்டறை. இந்த விக்டோரியா மாநிலத்திலேயே டோங்காலா என்ற சிற்றூரில் 1998-இல் இந்தப் பெயரோடு முதல் கொட்டகையைத் திறந்தார்கள். இன்றைக்கு நாடு முழுக்க ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. வேலையை விட்ட கிழவர்கள் தனியே முடங்கி வியாதியை வரவழைத்துக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு என்கிறார்கள். என் விஷயத்தில் அது மருமகளின் சமையலறையைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு. குழம்புக்கு எவ்வளவு புளி என்று நான் பக்கத்தில் நின்று யோசனை சொல்லத் தொடங்கிய வாரமே விண்ணப்பப் படிவம் என் கைக்கு வந்துவிட்டது.

ஆண்பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்தால் மனம் விட்டுப் பேசமாட்டார்கள், தோளோடு தோள் நின்று வேலை பார்த்தால் பேசுவார்கள் என்பது இவர்களுடைய சித்தாந்தம். கோவில்பட்டி டீக்கடை பெஞ்சை ஒருநாள் இவர்களுக்குக் காட்ட வேண்டும்.

தபால் ஆபீஸில் முத்திரை குத்தியே ஓய்வுபெற்றவனுக்குப் பட்டறையில் என்ன ஜோலி என்று கேட்பீர்கள். இந்த ஊரில் ஆசாரியைக் கூப்பிட்டால் வாசல் மிதித்ததற்கே தனியாகப் பணம். அதனால் டாக்டரானாலும் வக்கீலானாலும் வீட்டில் ஒரு டிரில் மெஷின் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் பேனா இரவல் கேட்பதுபோல் பக்கத்து வீட்டில் டிரில் கேட்கிறார்கள்.

முதல் நாள் எந்த மெஷினையும் தொட விடவில்லை. வெறும் பாடம். வாத்தியார் ஒரு பழைய டிராம் ஓட்டுநர். மூடிய காலணி, கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி என்று அடுக்கினார். கையுறை போட்டுக்கொள்ளவா என்றேன். பதறிவிட்டார். டிரில்லில் சுழலும் துளைமுனையான பிட்டில் கையுறையின் நுனி சிக்கினால் துணியோடு விரலையும் சேர்த்துச் சுற்றுமாம். மோதிரத்தையும் கழற்றச் சொன்னார். வேட்டியைப் பற்றி விதி ஏதும் இல்லை. ஒருநாள் கட்டிக்கொண்டு போனால் அதற்கும் ஒன்று எழுதிவிடுவார்கள்.

சுவர் முழுக்க ஒரு பலகை. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தையே வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். சுத்தியலை எடுத்தால் சுத்தியலின் நிழல் மட்டும் நிற்கும்; அந்த இடத்தில் நம் பெயர்ச் சீட்டை மாட்டிவிட வேண்டும். யார் எடுத்தார், எங்கே வைத்தார் என்ற விசாரணைக்கே இடமில்லை. நம் ஊர்க் கல்யாண மண்டபப் பாத்திரக் கிடங்கில் இப்படி ஒரு பலகை இருந்திருந்தால் எத்தனை சம்பந்திச் சண்டைகள் மிச்சமாகியிருக்கும்!

டிரில் மெஷினுக்கு இந்த ஊரே பூர்வீகம் என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. ஸ்காட்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னாட் என்ற மின் எஞ்சினீயர், பிரெய்ன் என்பவரோடு சேர்ந்து 1889-இல் மெல்பர்னில்தான் மின்சார டிரில்லுக்குக் காப்புரிமை வாங்கினார். பாறையைக் குடையவும் நிலக்கரி வெட்டவும் செய்தது. தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறக்கூடிய சமாச்சாரம் இல்லை. வயர் இல்லாத டிரில் 1961-இல் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனியிலிருந்து வந்தது. நாசா நிலவுக்குப் போவதற்காகக் கண்டுபிடித்தது என்று உங்கள் வாட்ஸ்அப் குழுவில் வரும், நம்பாதீர்கள். 1971-இல் அப்போலோ 15 வீரர்கள் நிலவில் பேட்டரி டிரில்லால் துளை போட்டது நிஜம். ஆனால் அதற்குப் பத்து வருஷம் முன்பே சாதனம் கடைக்கு வந்துவிட்டது.

எங்கள் கொட்டகை டிரில் 18 வோல்ட். பேட்டரிக்குள் 3.6 வோல்ட் லித்தியம் செல் ஐந்து வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. இதே ஐந்து செல்லை அமெரிக்காவில் 20 வோல்ட் என்று அட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் நான்கைத் தொடும், அந்தக் கணக்கு. வியாபாரி எங்கும் வியாபாரிதான்.

கம்பெனிக்கு ஒரு நிறம். மக்கீட்டா நீலப்பச்சை, டிவால்ட் மஞ்சள், மில்வாக்கி சிவப்பு, ரியோபி பச்சை. ஒருவர் பேட்டரி இன்னொருவர் மெஷினில் சேராது. எல்லாம் 18 வோல்ட், உள்ளே ஒரே மாதிரிச் செல், ஆனாலும் கலப்பு மணம் கிடையாது. சாதி இல்லாத தேசம் என்று யாராவது சொன்னால் இந்த அலமாரியைத் திறந்து காட்டுவேன்.

டிரில்லின் கழுத்தில் ஒரு வளையம் இருக்கிறது, எண் போட்டிருக்கும். நம் ஊர்க் கடைக்காரர்கள் இதை யாருக்கும் விளக்குவதில்லை. ஸ்க்ரூ எவ்வளவு இறுகினால் போதும் என்று அதில் சொல்லி வைத்துவிடலாம். அந்த அளவு வந்ததும் கடகடவென்று சத்தம் போட்டு மெஷின் பிடியை விட்டுவிடும். சின்ன ஸ்க்ரூவுக்கும் மெத்தென்ற மரத்துக்கும் சின்ன எண்ணில் ஆரம்பித்து மேலே போக வேண்டும். துளை போடும்போது மட்டும் டிரில் படம் போட்ட இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும், அங்கே இந்த விட்டுக்கொடுத்தல் கிடையாது. மேலே உள்ள கியர் 1 மெதுவாக, பலமாகச் சுற்றும், 2 வேகம். ஸ்க்ரூவுக்கு 1, சின்னத் துளைக்கு 2. டிராம்காரர் இதை நாளுக்கு ஒருமுறை ஓதுகிறார்.

நாங்கள் அதிகம் செய்வது பறவைகளுக்குப் பெட்டி வீடு. யூக்கலிப்டஸ் மரத்தில் தானாகப் பொந்து விழ நூறு வருஷத்துக்கு மேல் ஆகுமாம். அத்தனை கிழட்டு மரங்களையும் வெட்டிவிட்டு, ரோசெல்லாக் கிளிக்கு இப்போது பலகையில் வீடு அடிக்கிறோம். வாசலுக்கு வட்டமாக அறுக்கும் பிட் போட வேண்டும். அது பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும். கியர் 1-இல் வைத்து, அழுத்தாமல், இடையிடையே வெளியே எடுத்துத் தூளை உதற வேண்டும். சிவப்பு யூக்கலிப்டஸ் பலகையில் முதலில் சன்னத் துளை போடாமல் ஸ்க்ரூவை ஏற்றினால் ஸ்க்ரூவின் தலை கையோடு வந்துவிடும். இதற்கு முன்னால் நம் தேக்கு பரமசாது.

மராமத்து இலாகா ஒரு பல் டாக்டரிடம். அவரும் ஓய்வுபெற்றவர். ஆயுள் முழுக்க டிரில்லோடு வாழ்ந்தவர் இங்கேயும் அதை விடவில்லை. பிட்டைக் கவ்விப் பிடிக்கும் 'சக்'கை அகலத் திறந்து, டார்ச் அடித்து, மூன்று தாடைகளையும் எட்டிப் பார்க்கிறார். வாயைக் கீழே கவிழ்த்துத் தட்டித் தூளைக் கொட்டுகிறார். மோட்டார் மூச்சுவிடும் துவாரங்களைப் பிரஷ்ஷால் துடைக்கிறார், பேட்டரி உட்காரும் இடத்து உலோக முனைகளை உலர்ந்த துணியால் துடைக்கிறார். பழைய மெஷின் ஒன்றில் துவாரம் வழியே பொறி பறந்து தீய்ந்த வாடை வந்தது. கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று மாற்றிக் கொடுத்தார். புது மெஷின்கள் பலவற்றில் அந்தப் பிரஷ்ஷே கிடையாது. பிட்டை மாட்டும்போது 'சக்'கைக் கையால் பிடித்துக்கொண்டு மோட்டாரை ஓட்டி இறுக்குகிறவர்களைக் கண்டால் மட்டும் டாக்டருக்குக் கோபம் வரும். உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும் என்பார்.

கொட்டகையில் நடக்கும் சண்டை எல்லாம் பேட்டரிச் சண்டைதான். தீர்ந்த பேட்டரியைப் பேசாமல் அலமாரியில் திருப்பி வைத்துவிட்டுப் போகிறவன் யார்? இந்த ஒரு கேள்வியில் நல்ல சிநேகிதங்கள் முறிந்திருக்கின்றன. இப்போது இடது தட்டில் சார்ஜ் ஆனது, வலது தட்டில் தீர்ந்தது என்று விதி. வேலை முடித்தவர் தீர்ந்ததைச் சார்ஜரில் போட்டுவிட்டுத்தான் டீக்குப் போகலாம். சூடாக இருந்தால் ஆறவிட்டுப் போட வேண்டும்.

முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்று எண்பது வயதுக்காரர் ஒருவர் பட்டிமன்றம் நடத்துகிறார். நிக்கல் காட்மியம் காலத்து வேதம் அது. லித்தியத்துக்கு நேர்மாறு: அடி வரை வறண்டால் அதன் ஆயுள் குறையும், சக்தி குறைந்ததுமே கழற்றிவிட வேண்டும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பாதிச் சார்ஜில் குளிர்ந்த இடத்தில் வைக்கிறோம். ஜனவரி வெயில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும், காருக்குள் வைத்தால் கேட்கவே வேண்டாம். கிழவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

உங்கள் கடிதத்தின் கடைசியில், தெரு வாசகசாலைக்குப் பொதுவாக ஒரு டிரில் வாங்கப் போவதாகவும், நான் பொங்கலுக்கு வரும்போது இங்கிருந்தே கொண்டுவர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் அத்தான். கரண்ட் இரண்டு ஊரிலும் 230 வோல்ட்தான், ஆனால் பிளக் சேராது. விமானத்தில் மெஷின் பெட்டியில் போக வேண்டும், கழற்றிய பேட்டரி கைப்பையில் வர வேண்டும். அதெல்லாம் சமாளிக்கலாம். நாளைக்குப் பேட்டரி செத்தால் மாற்று எங்கே கிடைக்கும்?

இன்னொன்று, இந்த ஊர்ச் சுவர் மரச்சட்டத்தின் மேல் அறைந்த பிளாஸ்டர் அட்டை. முருகன் படம் மாட்டக்கூடத் தட்டிப் பார்த்துச் சட்டத்தைத் தேட வேண்டியிருக்கிறது. நம்முடையது செங்கல். சுத்தியல் படம் போட்ட மெஷினாக, கார்பைடு முனை பிட்டோடு அங்கேயே வாங்குங்கள். கான்கிரீட் தளத்தைக் குடைய அதைப் பயன்படுத்த யாரையும் விடாதீர்கள், அதற்குப் பெரிய மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பெட்டிக்குள் பேட்டரி இரண்டு இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். மெஷின் வாசகசாலை அலமாரியில்தான் இருக்க வேண்டும், சாவி உங்களிடம். எடுக்கிறவர் நோட்டில் பெயர் எழுதட்டும். சார்ஜ் போடாமல் திருப்பிக் கொடுத்தால், அது தலைவராகவே இருந்தாலும், வாங்கிக்கொள்ளாதீர்கள். என் பங்காகப் பாதிப் பணம் தம்பி மகனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பில்லைத் தொலைத்துவிடாதீர்கள், உத்தரவாதத்துக்கு அதைத்தான் கேட்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்