மழைக்காலத்தில் செய்தியை நம்புவது எப்படி?

பெரகல சந்தியில் மூடுபனி இறங்கிவிட்டால் ஹப்புத்தளைக்கு ஏறும் ரோடும் தெரியாது, கொஸ்லந்த வழியாக வெல்லவாய்க்கு இறங்கும் ரோடும் தெரியாது. எங்கே மண் விழுந்தது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. கைபேசியைத்தான் பார்க்க வேண்டும். அதில் வருவதைச் சிரமமில்லாமல் நம்புவதற்குச் சில யோசனைகள்.

முதலில், அனுப்பியவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று பாருங்கள். தூரம் கூடக்கூட நம்பிக்கையும் கூட வேண்டும். கொழும்பில் கடையில் நிற்கும் மச்சான் பரவாயில்லை. கட்டாரில் இருக்கும் சித்தப்பா இன்னும் மேல். அங்கிருந்து பார்த்தால் ஊவா மலை முழுதும் தெரியும். மேல்லயத்துப் பெரியம்மா "எங்க பக்கம் ஒண்ணும் இல்லியே" என்றால், பாவம், அவரிடம் டேட்டா இல்லை என்று விட்டுவிடுங்கள்.

படத்துக்குத் திகதி தேவையில்லை. சேறும் நசுங்கிய தகரமும் இருந்தால் போதும். 2024 ஜூலையில் கேரளத்து வயநாட்டு முண்டக்கையில் மண் சரிந்தபோது எடுத்த படம் இதற்கு மிகவும் தோது. அங்கேயும் தேயிலை மலைதான். கடைப் பலகையில் மலையாளம் தெரிந்தால் பெருவிரலால் மறைத்துக்கொண்டு பாருங்கள்.

குரல் பதிவு என்றால் அழுகை கட்டாயம். பேசுகிறவர் தன் பெயரையோ தோட்டத்தையோ டிவிஷனையோ சொல்லக் கூடாது. சொன்னால் யாராவது போன் போட்டு விசாரித்துவிடுவார்கள். "இன்னைக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்கு மலை இறங்கும்" என்று நேரம் குறித்துச் சொன்னால் உத்தமம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இந்தத் திறமை கிடையாது. அவர்கள் மழையை அளக்கிறார்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் மஞ்சள் எச்சரிக்கை, 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு, வெளியேறுங்கள். ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலும் சிவப்புத்தான். இதை யார் பகிர்வார்கள்? ஒரு விம்மல்கூட இல்லை.

அதே நிறுவனம் கொஸ்லந்தப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டக்காரர்களுக்கு 2005லும் 2011லும் இந்த இடம் ஆபத்து என்று சொல்லியிருந்தது. எழும்பிப் போகச் சொல்வது லேசு. லயமும் நிலமும் தோட்டத்துடையவை. போனால் எங்கே போவது என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் நூற்றுக்கணக்கில் என்று அன்றே உலகம் முழுக்கச் செய்தி போனது. அந்தக் கணக்கு வதந்திக்காரர்களிடமிருந்து மட்டும் வரவில்லை, அதிகாரிகள் வாயிலிருந்தும் வந்தது. பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்துக்கும் பெரியவர்கள் பலர் வேலைக்கும் போயிருந்தார்கள். பெயர் பெயராக எண்ணிப் பார்த்தபோது இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து நாற்பதுக்குள் நின்றது. (அது சின்னக் கணக்கு என்று எந்த லயத்திலும் யாரும் சொல்லமாட்டார்கள்.)

ஆகவே அரசாங்கம் சொல்வதெல்லாம் உண்மை, அல்லது எல்லாம் பொய்: இரண்டில் ஒன்றை இன்றைக்கே எடுத்து ஆயுளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அளந்து சொன்னவர் ஒருவர், எண்ணாமல் சொன்னவர் இன்னொருவர் என்று பிரித்துப் பார்ப்பது வீண் தலையிடி.

சம்பளச் செய்திக்கும் இதே முறைதான். 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் தோட்டத் தொழிலாளர்களின் நாட்சம்பளம் 1700 ரூபாய் என்றார்கள். அன்றே கைக்கு வந்துவிட்டதாகப் பகிர வேண்டும். வர்த்தமானி, கம்பனிகள் போட்ட வழக்கு, உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை, செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 என்று முடிந்தது எல்லாம் பிந்திய சங்கதிகள். சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டுப் பேசுகிறவரைக் குழுவிலிருந்து நீக்கிவிடுங்கள்; கலகலப்பைக் கெடுப்பார்.

ஒரே ஒரு சிக்கல் உண்டு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளைப் பக்கம் பல இடங்களில் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. அப்படியான ராத்திரியில் மேலே சொன்ன யோசனை ஒன்றும் உதவாது. சுவரையும் முற்றத்தையும்தான் பார்க்க வேண்டும். நேற்றுவரை சாத்தின கதவு இன்று இறுகுகிறதா, தரையில் வெடிப்பு ஓடுகிறதா, மரமோ கம்பமோ சாய்ந்திருக்கிறதா, தெளிந்த ஊற்று திடீரென்று கலங்குகிறதா அல்லது நிற்கிறதா.

இதில் ஏதாவது கண்ணில் பட்டால் முதலில் ஆட்களோடு வெளியே வந்துவிடுங்கள். சிக்னல் கிடைக்கும் இடத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117இல் கூப்பிடலாம். ஆனால் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், நீங்களே பார்த்தீர்களா என்று கேட்பார்கள்.